மேசை ஒரு காலத்தில் பிழை

'மேசை' போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் அது 'மேஸா'. ஸ்பெயின்காரர்களும் 'மேஸா' என்றுதான் சொல்கிறார்கள். ருமேனியாவில் 'மாஸ'. மூன்றுமே லத்தீன் வயிற்றில் பிறந்தவை. ஆனால் லத்தீன் அகராதியைத் திறந்தால் அங்கே இருப்பது 'மேன்ஸா'. நடுவில் ஒரு 'ன்' இருக்கிறது. அந்த 'ன்' எங்கே விழுந்தது?

அது விழுந்துகொண்டிருந்தபோதே ஒருவர் பார்த்திருக்கிறார், தடுக்கவும் முயன்றிருக்கிறார். வட இத்தாலியில் போபியோ என்ற ஊரின் மடத்தில் சுமார் 700-ஆம் ஆண்டுவாக்கில் படியெடுத்த ஒரு கையெழுத்துப் பிரதியில், 227 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் உள்ளது. புரோபுஸ் என்ற இலக்கணக்காரரின் பெயரில் வழங்கிய நூலை ஒட்டிக் கிடைத்ததால் அதை 'புரோபுஸின் பின்னிணைப்பு' என்பார்கள். எல்லா வரிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் சரியான வடிவம், வலப்பக்கம் தவறான வடிவம். அவற்றில் ஒன்று: 'மேன்ஸா என்று சொல், மேஸா என்று சொல்லாதே.'

யாரும் கேட்கவில்லை. தவறு என்று அவர் தள்ளிவைத்த சொல்தான் லிஸ்பனில் கப்பலேறி நம் கடற்கரையில் இறங்கி, இன்று நம் வீட்டில் நான்கு காலில் நிற்கிறது.

மொழியின் ஒலிகள் எப்படி மாறுகின்றன, ஒரே மொழி எப்படி ஊருக்கு ஊர் வேறாகிப் பல மொழிகளாகப் பிரிகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தப் பட்டியலைத்தான். இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, ருமேனியம், கத்தலான், ஒக்சிதான், சார்டினியம் ஆகியவற்றை ரொமான்ஸ் மொழிகள் என்கிறோம். இவை வந்தது ரோமானியப் பேச்சாளர் சிசரோ மேடையில் முழங்கிய லத்தீனிலிருந்து அல்ல. சந்தையிலும் படைமுகாமிலும் அடுப்படியிலும் பேசிய லத்தீனிலிருந்து வந்தவை. அந்தப் பேச்சு எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணமே, அதைத் தவறு என்று எழுதிவைத்த இப்படிப்பட்ட மனிதர்கள்தான்.

பிழைகளுக்குள் ஒரு வரிசை

பட்டியலிலிருந்து நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 'ஒக்குலுஸ்' சரி, 'ஒக்லுஸ்' தவறு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு 'ஸ்பெக்குலும்' சரி, 'ஸ்பெக்லும்' தவறு. கிழவனுக்கு 'வெத்துலுஸ்' சரி, 'வெக்லுஸ்' தவறு. காதுக்கு 'அவுரிஸ்' சரி, 'ஓரிக்லா' தவறு. (கடைசிச் சொல், 'சின்னக் காது' என்று பொருள்படும் 'அவுரிக்குலா' தேய்ந்து வந்தது.)

நான்கிலும் நடந்தது ஒன்றே. அழுத்திச் சொல்லும் அசையை அடுத்து வந்த மெலிந்த 'உ' பேச்சில் விழுங்கப்பட்டது. அது போனதும் இரண்டு பக்கமும் நின்ற மெய்கள் முட்டிக்கொண்டு 'க்ல்' ஆயின. 'வெத்துலுஸ்' மட்டும் 'வெத்லுஸ்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் 'த்ல்' நாக்குக்கு வராமல், ஏற்கெனவே பழகிய 'க்ல்' வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

சுவையான பகுதி இனிமேல்தான். 'தவறான' இந்த நான்கு சொற்களும் நாடு நாடாகப் பிரிந்து போனபின் என்ன ஆயின? இத்தாலியில் ஒக்கியோ, ஒரெக்கியோ, வெக்கியோ, ஸ்பெக்கியோ. ஸ்பெயினில் ஓஹோ, ஒரேஹா, வியேஹோ, எஸ்பேஹோ. போர்ச்சுகலில் ஓல்யு, ஒரேல்யா, வெல்யு, எஸ்பேல்யு. இவற்றை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இத்தாலியன் அந்தக் 'க்ல்' வந்த இடத்திலெல்லாம் 'க்கிய' என்கிறான். ஸ்பானியன் எல்லா இடத்திலும் தொண்டையிலிருந்து வரும் 'ஹ' என்கிறான். போர்த்துக்கீசியன் எல்லா இடத்திலும் 'ல்ய' என்கிறான். ஒருவன்கூட ஒரு சொல்லுக்கு ஒன்று, மறு சொல்லுக்கு இன்னொன்று என்று தாவவில்லை.

மாற்றத்துக்குக் காரணம் கவனக்குறைவு என்றால் ஒவ்வொரு சொல்லும் தன் போக்கில் சிதைந்திருக்கும். சிதையவில்லை. ஓர் ஊரில் ஓர் ஒலி மாறினால், அந்த ஒலி அதே சூழலில் வரும் எல்லாச் சொற்களிலும் மாறுகிறது. இதற்கு ஒலிவிதி என்று பெயர். 1870-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மொழியறிஞர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலிவிதிக்கு விலக்கே கிடையாது என்றார்கள். விலக்குப் போலத் தெரிந்தால் நாம் இன்னும் கண்டுபிடிக்காத வேறொரு விதி அங்கே வேலை செய்கிறது, அல்லது அந்தச் சொல் வேறு ஊரிலிருந்து கடனாக வந்தது என்பது அவர்கள் வாதம். அது கொஞ்சம் கடும்போக்கு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னாலும், வேலைக்கு உதவும் கொள்கை அதுதான்.

எஸ்பேஹோவின் முன்னால் ஒரு 'எ' வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஸ்பானிய நாக்குக்குச் சொல் முதலில் 'ஸ்ப', 'ஸ்க' வராது. பள்ளிக்கூடத்துக்கு லத்தீனில் 'ஸ்கொலா', ஸ்பானியத்தில் 'எஸ்குவேலா'. நம் பாட்டிமார் 'இஸ்கூல்', 'இஸ்டேசன்' என்றதும் இதே காரணத்தால்தான்.

இந்த இடத்தில் நன்னூலார் நினைவுக்கு வருகிறார். தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனதைப் போன்ற தேய்ந்த சொற்களுக்கு 'மரூஉ' என்று பெயரிட்டு, அவற்றை இயல்பு வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டார் அவர். போபியோ பட்டியலை எழுதியவர் கையில் சிவப்பு மை மட்டும் இருந்தது. நன்னூலார் கையில் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது.

சாவி

ஒலிவிதிக்கு இடம் முக்கியம். மேலே பார்த்த 'க்ல்' சொல்லின் நடுவில் வந்தது. அதே 'க்ல்' சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கதை மாறும். திறவுகோலுக்கு லத்தீனில் 'க்லாவிஸ்'. இத்தாலியில் 'கியாவே', ஸ்பெயினில் 'யாவே', பிரான்சில் 'க்லே', போர்ச்சுகலில் 'ஷாவி'. நம் 'சாவி' எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்த்துக்கீசியத்தில் சொல் முதலில் வந்த 'க்ல்' மட்டுமல்ல, 'ப்ல்', 'ஃப்ல்' ஆகியவையும் இதே ஒலியில் போய்ச் சேர்ந்தன. மழைக்கு லத்தீனில் 'ப்லுவியா', போர்த்துக்கீசியத்தில் 'ஷுவா', ஸ்பானியத்தில் 'யுவியா'. தீச்சுடருக்கு லத்தீனில் 'ஃப்லம்மா', போர்த்துக்கீசியத்தில் 'ஷாமா', ஸ்பானியத்தில் 'யாமா'. மூன்று வெவ்வேறு தொடக்கங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

லிஸ்பனில் இன்று 'ஷாவி' என்கிறார்கள். ஆனால் மலையாளத்திலும் இந்தியிலும் இச்சொல்லின் முதல் ஒலி 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல அழுத்தமாக ஒலிக்கிறது. காரணம், நம் பக்கம் கப்பலேறி வந்த காலத்துப் போர்த்துக்கீசியர் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு தலைநகரத்துப் பேச்சில் அது 'ஷ' ஆக இளகியது. போர்ச்சுகலின் வடகோடிக் கிராமங்களிலும், எல்லைக்கு அப்பால் கலீசியாவிலும் பழைய ஒலியை இன்றும் கேட்கலாம். கடன்போன சொல் இப்படித்தான் பழைய ஒலியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். கொடுத்தவர்கள் வீட்டில் அது மாறியிருக்கும், வாங்கியவர்கள் வீட்டில் அப்படியே இருக்கும்.

செவியும் கிவியும்

லத்தீனில் நூறு என்பது 'கெந்தும்'. வானம் 'கைலும்'. சீசர் என்று நாம் சொல்லும் ரோமானியத் தலைவரை அவர் காலத்தில் 'கைசர்' என்றுதான் அழைத்தார்கள். ஜெர்மானியர் அந்தக் காலத்திலேயே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதால் அவர்கள் பேரரசரைக் குறிக்கும் சொல் 'கைசர்' என்றே நின்றுவிட்டது.

பிறகு 'இ', 'எ' போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த 'க்' நெகிழத் தொடங்கியது. ஏன் அந்த உயிர்களுக்கு முன்னால் மட்டும்? 'க' என்று சொல்லிவிட்டு 'கி' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் நாக்கு வாயின் முன்பக்கம் நகர்ந்திருக்கும். வரப்போகும் 'இ'க்காக நாக்கு முன்கூட்டியே ஆயத்தமாகிறது. இன்னும் கொஞ்சம் முன்னே போனால் அது 'ச'வின் இடம். இத்தாலியில் கெந்தும் 'ச்செந்தோ' ஆனது. பிரான்சிலும் போர்ச்சுகலிலும் இன்னும் முன்னே போய்ப் பல்லருகே வந்து 'ஸ' ஆனது. மாட்ரிட்டில் நாக்கு நுனி பல்லிடுக்கிலேயே வந்துவிட்டது. அங்கே நூறைச் சொல்லும்போது முதலில் கேட்பது ஆங்கிலத்தின் 'திங்க்' என்ற சொல்லின் தொடக்கம் போன்ற ஒலி. அதே ஸ்பானியம் செவில் நகரிலும் மெக்சிகோவிலும் 'ஸ' தான்.

சார்டினியா தீவின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் மட்டும் நூறு இன்றும் 'கெந்து', வானம் இன்றும் 'கேலு'. அதே தீவின் தென்பகுதிக்கு இறங்கினால் 'ச்செந்து' என்பார்கள். அட்ரியாட்டிக் கடலின் க்ர்க் தீவில் பேசிய டால்மேஷிய மொழியும் இந்தக் 'க்'கைக் காப்பாற்றியது. இரவுச் சாப்பாட்டுக்கு இத்தாலியில் 'ச்சேனா', அங்கே 'கைனா'. அந்த மொழியைப் பேசிய கடைசி மனிதர் துவோனே உதாய்னா. 1897-இல் மத்தேயோ பார்த்தோலி என்ற இளம் ஆய்வாளர் அவரிடம் உட்கார்ந்து சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்போதே முதியவருக்குக் காது சரியாகக் கேட்காது, பல்லும் இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி சாலை வேலையில் நடந்த ஒரு வெடிவிபத்தில் அவர் இறந்தார். 'கைனா' என்று சொல்ல அதன்பிறகு யாரும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். கன்னடத்தில் காதுக்கு 'கிவி', தமிழில் 'செவி'. கன்னடத்தில் சிவப்புக்கு 'கெம்பு', தமிழில் 'செம்மை'. அங்கே 'கிரிது', இங்கே 'சிறிது'. அங்கே தெருவுக்கு 'கேரி', இங்கே 'சேரி'. ரோமாபுரியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வேறொரு காலத்தில், தமிழ் வாயில் இத்தாலிய வாயின் அதே விதி வேலை செய்திருக்கிறது. இ, எ ஆகிய உயிர்களுக்கு முன்னால் 'க்' போய்ச் 'ச்' வந்தது. கன்னடம் இந்த விஷயத்தில் நம் சார்டினியா.

அப்படியென்றால் தமிழில் கி, கெ, கே என்று தொடங்கும் சொற்களே இருக்கக்கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கிளி, கிழங்கு, கிழவன், கீழ், கெடு, கேள், கிண்ணம், கெண்டை. இவற்றை மெதுவாகச் சொல்லி, அடுத்து வரும் மெய்யைக் கவனியுங்கள். ள், ழ், ழ், ழ், ட், ள், ண், ண். எல்லாமே நாக்கை மேல்நோக்கி மடித்துச் சொல்லும் ஒலிகள். பின்னால் மடியப்போகிற நாக்கு முன்னால் ஓடிவர முடியாது. அதனால் 'க்' தன் இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த நிபந்தனையைப் பொருத்திப் பார்த்தவுடன் விலக்குகள் போலத் தெரிந்தவை பெரும்பாலும் விதிக்குள் வந்துவிடுகின்றன. லைப்சிக்காரர்கள் அடித்துச் சொன்னது இதைத்தான். முதன்முறை இதைப் படித்த அன்று நான் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு 'கி' பக்கத்தை முழுவதும் விரல் வைத்துப் பார்த்தேன். சில மிச்சங்கள் உண்டு, ஆனால் சொற்பம்.

ஃபுளோரன்ஸில் வலி மிகும் இடங்கள்

இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வல்லினம் மெலியும் என்பது உலகின் பல மொழிகளில் காணக்கூடிய போக்கு. வாழ்க்கைக்கு லத்தீனில் 'வீத்தா'. இத்தாலியம் அந்தத் 'த்'தை அப்படியே வைத்திருக்கிறது. ஸ்பானியத்தில் அது 'வீதா', அதாவது 'பாதி'யில் வரும் மென்மையான 'த'. பிரெஞ்சில் 'வீ', மெய்யே கரைந்துவிட்டது. 'அறிதல்' என்ற சொல் லத்தீனில் 'ஸப்பேரே', ஸ்பானியத்தில் 'ஸபேர்', பிரெஞ்சில் 'ஸவ்வார்'. ப் முதலில் 'ப'வின் மென்மையான வடிவமாகி, பிறகு 'வ' ஆனது. வடமொழியின் 'பாப' என்ற சொல்லைத் தமிழ் 'பாவம்' என்று எடுத்துக்கொண்டதும் இதே வழியில்தான். 'மகன்' சில ஊர்களில் 'மவன்' ஆவதும், 'போக' என்பது 'போவ' ஆவதும் இதன் அடுத்த படிகள்.

இத்தாலியின் மேற்குக் கரையில் உள்ள லா ஸ்பெட்ஸியாவிலிருந்து கிழக்குக் கரையின் ரிமினி வரை ஒரு கோடு கிழித்தால், அதன் வடக்கே உள்ள ரொமான்ஸ் பேச்சுகளில் இப்படி வல்லினம் மெலிந்திருக்கும், தெற்கே பொதுவாக மெலிந்திருக்காது. ஓநாய்க்கு வடக்கிலும் மேற்கிலும் 'லோபோ' வகை, தெற்கில் 'லூப்போ' வகை. இப்படி ஓர் ஒலிக்கூறின் எல்லையைக் காட்டும் கோட்டை மொழி எல்லைக்கோடு என்கிறோம். வரைபடத்தில் அது ஒரு கோடு. நிலத்தில் நடந்து போனால் பல கோடுகள் பின்னிய கயிறு. ஒவ்வொரு சொல்லின் எல்லையும் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருக்கும்.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் போய்க் கேட்க வேண்டிய ஊர் ஒன்று இந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஃபுளோரன்ஸ். அங்கே வீட்டுக்குக் 'காஸா'. ஆனால் 'அந்த வீடு' என்று சொல்ல முன்னால் 'லா' சேர்ந்தால் 'லா ஹாஸா' ஆகிவிடும். இரண்டு உயிர்களுக்கு நடுவில் 'க்' வந்துவிட்டதல்லவா? 'வீட்டுக்குள்' என்று சொல்ல 'இன்' சேர்ந்தால் 'இங் காஸா', மறுபடியும் 'க்'. 'வீட்டுக்கு' என்று சொல்ல 'அ' சேர்ந்தால் 'அக் காஸா', இரட்டைக் 'க்'. எழுத்தில் எல்லாம் ஒரே எழுத்துதான். ஒலி மட்டும் சூழலுக்கு ஏற்ப மாறுகிறது. 'கடல்', 'மகன்', 'பக்கம்' என்று மூன்று சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தொடக்கத்தில் 'க்', உயிர்களுக்கு நடுவில் 'ஹ' போன்ற ஒலி, இரட்டித்தால் அழுத்தமான 'க்க்'. ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு நாம் செய்வதை ஃபுளோரன்ஸ்காரர்களும் செய்கிறார்கள். மற்ற இத்தாலியர்கள் அவர்களைக் கிண்டல் செய்ய, கொக்கோ கோலா வரும் ஒரு வாக்கியத்தை 'ஹொஹா ஹோலா' என்று சொல்லிக் காட்டுவார்கள்.

'லா ஹாஸா' என்று மெலியும்போது 'அக் காஸா' மட்டும் ஏன் இரட்டிக்கிறது? அந்த 'அ' லத்தீனில் 'அத்' என்று மெய்யில் முடிந்தது. மெய் போனது, ஆனால் போகும்போது தன் இடத்தை அடுத்த சொல்லின் முதல் மெய்யிடம் கொடுத்துவிட்டுப் போனது. 'உம்' என்ற பொருளில் வரும் 'எ' முன்பு 'எத்'. அதனால் 'நீயும்' என்பது 'எத் தூ'. மூன்று என்ற 'த்ரே' முன்பு 'த்ரேஸ்'. அதனால் மூன்று நாய்கள் 'த்ரேக் கானி'. மெய்யில் முடியாத பழைய சொல்லிலிருந்து வந்த 'தி' என்ற முன்னொட்டுக்குப் பின்னால் இரட்டிக்காது. கடைசி அசையை அழுத்திச் சொல்லும் சொல்லுக்குப் பின்னாலும் இரட்டிக்கும்: 'வா பேனே' என்று எழுதி 'வாப்பேனே' என்று சொல்வார்கள். சரி, ஆகட்டும் என்று பொருள்.

நாம் பள்ளியில் 'வலி மிகும் இடங்கள், மிகா இடங்கள்' என்று மனப்பாடம் செய்தது இதுவேதான். 'அந்தப் பையன்' மிகும், 'வந்த பையன்' மிகாது. இத்தாலியம் எழுத்தில் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை. ஆனால் சேர்ந்தே உறைந்துவிட்ட சில சொற்களில் எழுத்தும் ஒத்துக்கொண்டுவிட்டது. 'யாருக்குத் தெரியும்' என்பதற்குக் 'கிஸ்ஸா', 'மெய்யாகவே' என்பதற்கு 'தவ்வேரோ'. இந்த இரட்டிப்பு நடு இத்தாலியிலும் தெற்கிலும் உயிரோடு இருக்கிறது. மிலானிலும் வெனிஸிலும் பிறந்தவர்கள் இப்படிச் சொல்வதில்லை. அவர்களுடைய வட்டாரப் பேச்சில் சொல்லுக்கு உள்ளேயே இரட்டை மெய் ஒற்றையாகிவிட்டது. பூனை இத்தாலியத்தில் 'கத்தோ', வெனிஸில் 'காதோ'.

ஹாஸ்டலும் ஹோட்டலும்

'ஸ்' தேய்வது தனிக்கதை. ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றுமே லத்தீனின் 'ஹொஸ்பிதாலே' என்ற ஒரே சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. ஹாஸ்டல் இடைக்காலத்தில் வந்தது. அப்போது பிரெஞ்சில் அந்த 'ஸ்' எழுத்தில் இருந்தது. ஹோட்டல் சில நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் மெய்க்கு முன்னால் வந்த 'ஸ்' எல்லாம் பிரெஞ்சுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. காடு 'ஃபொரே' ஆனது, ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட்டாகவே தங்கிவிட்டது. 1740-இல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதியில் அந்தச் செத்த எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் நின்ற உயிரின் தலையில் ஒரு கூரைக் குறியை வைத்தது. பிரெஞ்சில் அந்தக் குறியைப் பார்க்கும் பல இடங்களில் ஒரு 'ஸ்' புதைந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வந்த பிரெஞ்சுச் சொற்களில் வட்டார வேறுபாடும் ஏறி வந்தது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மண்டிக்காரர்கள். பாரிஸில் 'தங்கம்' என்பதில் வரும் மென்மையான 'க'வில் தொடங்கிய பல சொற்களை அவர்கள் 'வ'வில் தொடங்கினார்கள். விடுதி 'வார்டன்' நார்மண்டிப் பக்கம், 'கார்டியன்' பாரிஸ் பக்கம். கடையில் நீங்கள் கேட்டு வாங்கும் 'வாரண்டி'யும் 'கேரண்டி'யும் அப்படியே. பாரிஸில் 'கடல்' என்பதில் வரும் அழுத்தமான 'க' போய் 'ஷ' வந்த சொற்கள் பலவற்றில் நார்மண்டி 'க'வையே வைத்திருந்தது. அதனால்தான் ஆங்கிலேயன் கோட்டையைக் 'காஸில்' என்கிறான், பாரிஸ்காரர் 'ஷாத்தோ' என்கிறார். நார்மண்டியைக் குறுக்கே வெட்டிப் போகும் இந்த எல்லைக்கோட்டை 1883-இல் விளக்கியவர் ஷார்ல் ஜொரே என்ற மொழியறிஞர். இன்றும் அந்தக் கோட்டுக்கு அவர் பெயர்தான்.

பிரெஞ்சில் அன்று முடிந்துபோன அந்த 'ஸ்' தேய்வு, ஸ்பானியத்தில் இன்று நம் காதுமுன் நடக்கிறது. 'நண்பர்கள்' என்பதற்கு மாட்ரிட்டில் 'லொஸ் அமீகொஸ்'. தெற்கே அந்தலூசியாவிலும் கியூபாவிலும் 'லொஹ் அமீகொ'. அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பல்கள் புறப்பட்டது அந்தலூசியாவின் செவிலிலிருந்து என்பதால், கரீபியக் கரையோரப் பேச்சில் செவிலின் சாயல் அதிகம். மலைமேல் உள்ள மெக்சிகோ நகரும் பொகொத்தாவும் 'ஸ்'ஸை விடவில்லை. ஆனால் பன்மையைக் காட்டுவதே அந்தக் கடைசி 'ஸ்' அல்லவா? அது போனால் ஒரு பிள்ளையா பல பிள்ளைகளா என்று எப்படித் தெரியும்? கிரனாடா பக்கம் போய்க் கேளுங்கள். 'நீன்யோ' என்று வாயைக் குவித்து முடித்தால் ஒரு பையன். வாயை அகலத் திறந்து முடித்தால் பல பையன்கள். போன மெய்யின் வேலையை உயிர் எடுத்துக்கொண்டுவிட்டது. எந்தப் பள்ளியும் அதைக் கற்றுத்தரவில்லை. இந்தப் பேச்சைச் சோம்பேறிப் பேச்சு என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வாயின் இவ்வளவு நுட்பமான வேலையைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நேப்பிள்ஸில் ஒரு மாதம், பல மாதங்கள்

நான் படித்த பள்ளியில் 'நிலம்' என்பதை 'நெலம்' என்று வாசித்தால் உள்ளங்கையில் ஒரு அடி விழும். இப்போது யோசித்தால் அந்த 'நெலம்' என்ற உச்சரிப்பில் எவ்வளவு ஒழுங்கு இருந்தது என்று தெரிகிறது. இலை 'எலை', இடம் 'எடம்', விலை 'வெலை', குடை 'கொடை', முகம் 'மொகம்', உலகம் 'ஒலகம்'. முதல் அசையில் இ அல்லது உ இருந்து, ஒற்றை மெய்யைத் தாண்டி அடுத்த அசையில் அ அல்லது ஐ வந்தால் மட்டும், இ கீழிறங்கி எ ஆகும், உ கீழிறங்கி ஒ ஆகும். 'குடை' கொடை ஆகும், 'குடி' கொடி ஆகாது. 'இடம்' எடம் ஆகும், 'இந்த' எந்த ஆகாது. அடி வாங்கிய எந்தப் பிள்ளையும் இந்த விதியில் தவறியதே இல்லை.

பின்னால் வரும் உயிர் முன்னால் உள்ள உயிரை இழுக்கும் இதே வேலை இத்தாலியின் வட்டாரப் பேச்சுகளில் உண்டு. அவற்றை 'வட்டாரப் பேச்சு' என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நேப்பிள்ஸ் பேச்சும் வெனிஸ் பேச்சும் சிசிலிப் பேச்சும் இத்தாலியத்தின் பிள்ளைகள் அல்ல. எல்லாமே லத்தீனிலிருந்து நேராக வந்த உடன்பிறப்புகள். ஃபுளோரன்ஸ் பேச்சை அடியொற்றி எழுந்த எழுத்துமொழி நாட்டு மொழியானது. 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது அந்த மொழியில் பேசக்கூடியவர்கள் நூற்றுக்கு 2.5 பேர் என்று துல்லியோ தெ மௌரோ என்ற மொழியறிஞர் கணக்கிட்டார். வேறு சில அறிஞர்கள் 10 வரை போனார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும், மற்ற அனைவரும் வீட்டில் பேசியது வேறு.

நேப்பிள்ஸில் சிவந்த ஆண்பாற்பொருள் 'ருஸ்ஸ', பெண்பாற்பொருள் 'ரொஸ்ஸ'. ஆண்பாலில் முன்பு கடைசியில் ஒரு 'உ' இருந்தது, அது உள்ளே இருந்த ஒ-வை உ-வுக்கு மேலே தூக்கியது. பெண்பாலின் கடைசி 'அ'வால் அப்படித் தூக்க முடியவில்லை. பிறகு இரண்டு சொற்களின் கடைசி உயிரும் தேய்ந்து, காதில் விழுந்தும் விழாத ஒரு முனகல் ஆகிவிட்டது. பாலைக் காட்டுவது இப்போது நடுவில் உள்ள உயிர்தான். இரண்டு விதிகளும் இந்த வரிசையில் வந்ததால்தான் இது நடந்தது. கடைசி உயிர் முதலில் தேய்ந்திருந்தால் தூக்குவதற்கு எதுவும் இருந்திருக்காது.

தொடக்கத்தில் சொன்ன அந்த 227 வரிப் பட்டியல் இன்று இருப்பது இதே நேப்பிள்ஸ் நகரத்தில், தேசிய நூலகத்தில். உள்ளே தோல் ஏட்டில் 'மேன்ஸா என்று சொல், மேஸா என்று சொல்லாதே' என்ற வரி இருக்கிறது. நூலக வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால், மாதத்துக்கு லத்தீனில் இருந்த 'மேன்ஸிஸ்' என்ற சொல் அதே 'ன்'னை உதறிவிட்டு நடக்கிறது. ஒரு மாதம் என்றால் 'மேஸ', பல மாதங்கள் என்றால் 'மீஸ'.